கணினி வழியே வரும் பணத்தின் பாதை: கிராமத்தார்க்கு ஏற்ற படம் வரைவது எப்படி?

கண்மாயில் நீர் இருந்தும் கடைமடை வயலுக்கு வந்து சேரவில்லையென்றால், நம் பகுதிக் குடியானவர் என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடப்பார். கிளை வாய்க்கால் பிரியும் இடத்தில் அடைப்பு உண்டா, மேல்வயல்காரர் தம் வயலுக்குத் திருப்பிக்கொண்டாரா, மடையில் செத்தை சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நீர் எங்கே நின்றதோ அங்கே மண்வெட்டி வேலை செய்யும். ஆவுடையார்கோவில் வட்டாரத்தின் சாகுபடி பெரிதும் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியது. ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்தால் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும் என்னும் ஒழுங்கை இங்குள்ள பள்ளிச் சிறுவனும் அறிவான்.

அதே குடியானவருக்குப் பி.எம். கிசான் திட்டத்தின் ரூ. 2,000 தவணை வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்தக் கரையோடு நடப்பார்? முதலில் வங்கிக்குப் போகிறார். அங்கே, ‘எங்களுக்கு வரவில்லை, வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்’ என்கிறார்கள். வேளாண்மை அலுவலகத்தார் இ-சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். இ-சேவை மையத்தார் ‘இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று கிராம நிர்வாக அலுவலரைக் காட்டுகிறார்கள். கடைசியில் அவர் பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்துக்கு வந்து நிற்கிறார். சமுதாய வளர்ச்சி வட்டாரங்கள் தொடங்கிய 1950ஆம் ஆண்டுகளில் விவசாய விரிவாக்க அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலரோடு சேர்ந்தே பணியாற்றினார். இன்று வேளாண்மைத் துறைக்குத் தனி அலுவலகம் உண்டு. ஆயினும் பழைய வழக்கம் மக்கள் கால்களில் இன்னும் இருக்கிறது. ‘இங்கு அது இல்லை’ என்று அவரைத் திருப்பி அனுப்ப நமக்கு மனம் வருவதில்லை.

இவ்வாறு அலைவதில் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் கட்டணமும் போகிறது. மூன்று தவணை தவறினால் ஓராண்டின் ரூ. 6,000 முழுவதும் நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் அவரை அனுப்பிய ஒவ்வோர் அலுவலகமும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் மடையை மட்டும் பார்த்துப் பதில் சொன்னார்கள். முழு வாய்க்காலையும் பார்த்தவர் எவரும் இல்லை. நீர் ஓடும் வாய்க்கால் கண்ணுக்குத் தெரிகிறது, கணினிக்குள் ஓடும் வாய்க்கால் தெரிவதில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. தெரியாத வாய்க்காலைத் தெரியும்படி வரைந்து காட்டுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். மென்பொருள் அமைப்போர் இத்தகைய படங்களைக் கட்டமைப்பு வரைபடம் என்பர். அவர்கள் அதனைத் தமக்குள் பேசிக்கொள்வதற்காக வரைகிறார்கள். நமக்கு வேண்டியதோ பஞ்சாயத்துச் சுவரில் எழுதுவதற்கு உரிய படம்.

முதல் முயற்சியில் நாம் தோற்றோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பயிற்சி வகுப்பொன்றில் நமக்குக் காட்டப்பட்ட படத்தையே பெரிய தாளில் பிரதி செய்து ஒரு கிராமக் கூட்டத்துக்கு எடுத்துச் சென்றோம். அதில் பெட்டிகள் பல, உருளைகள் மூன்று, நடுவில் ஒரு மேகம், எங்கு பார்த்தாலும் அம்புகள். கால் மணி நேரம் விளக்கினோம். பிறகு பெரியவர் ஒருவர் மேகத்தைச் சுட்டிக்காட்டி, “ஐயா, இது ஐப்பசி மேகமா, கார்த்திகை மேகமா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. மேகம் என்றால் தொலைவில் உள்ள கணினிகளின் தொகுதி என்று பொருள்கொள்வது அத்துறையாரின் வழக்கு. மழையை நம்பி வாழ்கிறவருக்கு மேகம் மேகமே. அடுத்துப் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள், “எல்லாம் சரிங்கய்யா, இதுல நாங்க எங்க இருக்கோம்?” என்றார். தேடிப் பார்த்தோம். அப்படத்தில் விவசாயி எங்கும் இல்லை.

உருளைகளைக் கண்டவர்கள் மட்டும் ‘குதிர்’ என்றார்கள். அது பொருத்தமாகவே அமைந்தது. தகவல்களைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது எடுக்கும் இடத்துக்குக் குதிரைவிடச் சிறந்த பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை அந்தப் பெயரையே வழங்கி வருகிறோம்.

இந்த அனுபவத்தால், படம் என்றாலே கிராமத்தார்க்குப் புரியாது என்று முடிவுகட்டிவிடலாகாது. நிலஅளவைப் புலப்படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கல் எங்கே இருந்தது, எந்தக் கோணத்தில் வரப்பு திரும்புகிறது என்று சர்வேயரோடு வாதிடும் விவசாயிகளை நாம் தினமும் பார்க்கிறோம். அப்படத்தில் அழகு ஏதும் இல்லை. வெறும் கோடும் எண்ணுமே. ஆயினும் அது அவர் நிலத்தின் படம், அவர் வழக்குக்கு விடை தரும் படம். ஆகவே பழுதின்றி வாசிக்கிறார். ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1990ஆம் ஆண்டுகளில் பரப்பிய பங்கேற்பு முறை ஆய்வில், கிராமத்தார் தாமே தரையில் கோலமாவும் கல்லும் குச்சியும் கொண்டு தம் ஊரை வரைவது முக்கியமான பகுதி. இந்தியக் கிராமங்கள் பலவற்றில் அம்முறை வெற்றி பெற்றது. வரையும் திறமைக்கு நம் ஊர்களில் குறைவில்லை. குறை நாம் எடுத்துச் சென்ற படத்தில்தான் இருந்தது.

குறை என்ன? அது எந்தக் கேள்விக்கும் விடை கூறவில்லை. எல்லாவற்றையும் காட்ட முயன்றது. வருவாய்த் துறையில் தாலுகா வரைபடம் ஒன்று, கிராம வரைபடம் ஒன்று, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் ஒன்று என வெவ்வேறாக வைத்திருப்பதன் காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊருக்கு வழி கேட்பவரிடம் புலப்படத்தை நீட்டுவதில்லை. வரப்புத் தகராறுக்குத் தாலுகா வரைபடம் உதவாது. மென்பொருள் துறையிலும் சைமன் பிரவுன் என்னும் வல்லுநர் இதே முறையை வகுத்திருக்கிறார். ஓர் அமைப்பை நான்கு நிலைகளில், நான்கு தனித்தனிப் படங்களாக வரையவேண்டும் என்பது அவர் கொள்கை. முதல் நிலைப் படத்தில் அதைப் பயன்படுத்தும் மனிதர்களும், அது தொடர்புகொள்ளும் பிற அமைப்புகளும் மட்டுமே இடம்பெறும். உள்ளே இருக்கும் பொறிகள் அடுத்தடுத்த படங்களுக்கு உரியவை. பொதுமக்களுக்கு முதல் நிலைப் படம் போதும். நாம் செய்த பிழை, நான்கு நிலைகளையும் ஒரே தாளில் கொட்டியதுதான்.

ஆவுடையார்கோவில் கோயிலின் கொடுங்கையைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கூரைச் சட்டமும் ஆணியும் கயிறும் கல்லிலேயே தெரியும்படி செதுக்கிய அவ்வேலைக்கு ஈடில்லை. கல்லில் ஆணி தெரிவது அழகு. நமது படத்தில் ஆணி தெரிந்தால் அது குற்றம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்லலாம். லண்டன் நகரின் சுரங்க ரயில் பாதைக்கு 1931ஆம் ஆண்டு ஹாரி பெக் என்னும் வரைவாளர் ஒரு புதிய படம் வரைந்தார். உண்மையில் வளைந்து வளைந்து செல்லும் பாதைகளை அவர் நேர்க்கோடுகளாக்கினார். நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நிலையங்கள் எந்த வரிசையில் வருகின்றன, எங்கே வண்டி மாறவேண்டும் என்ற இரண்டை மட்டுமே காட்டினார். மேலதிகாரிகள் முதலில் அதை ஏற்கவில்லை. 1933ஆம் ஆண்டு வெளியிட்டதும் மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் உலக நகரங்கள் பலவற்றின் ரயில் படங்கள் அவ்வழியையே பின்பற்றுகின்றன. பயணிக்கு வேண்டாததைத் துணிந்து விட்டதே அவர் செய்த உபகாரம்.

நிற்க. இப்போது பி.எம். கிசான் பாதையை எவ்வாறு வரைந்தோம் என்று சொல்வோம். இத்திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளோருக்கு மட்டும் என்றிருந்து, அதே ஆண்டு ஜூன் முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. ஆண்டுக்கு மூன்று தவணை, தவணைக்கு ரூ. 2,000. பணம் மத்திய அரசுடையது. பயனாளிகளைச் சரிபார்ப்பது மாநில அரசின் பொறுப்பு. இந்த ஒரு வாக்கியத்தைப் படத்தின் தலைப்பிலேயே எழுதினோம். யார் தருகிறார், யார் சரிபார்க்கிறார் என்ற குழப்பத்தால் வரும் சண்டை பாதி அதிலேயே தீர்ந்தது.

படத்தின் இடக்கோடியில் நிலத்தில் நிற்கும் ஒரு விவசாயி. வலக்கோடியில் அதே விவசாயி, கையில் வங்கிப் புத்தகத்துடன். இடையில் ஒரு வாய்க்கால். அதன் மேல் மூன்று மடைகளும் ஒரு கைகாட்டி மரமும். இவ்வளவே.

விவசாயி தம்மைப் பதிவு செய்ததும் அவர் பெயர் திட்டத்தின் குதிரில் சேர்கிறது. முதல் மடை நிலத்தினுடையது. பதிவில் கூறிய நிலம் உண்மையில் அவர் பெயரில் உள்ளதா என்பது மாநில நில ஆவணங்களோடு ஒப்பிடப்படுகிறது. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருந்தால் இங்கே நீர் நிற்கும். மகனும் பேரனும் உழுதுகொண்டிருப்பது ஊர் அறிந்த உண்மை. ஆனால் குதிருக்குள் எழுதியதைத்தான் கணினி அறியும். 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கணக்கு. அதற்குப் பின் வாங்கிய நிலத்துக்கு உதவி இல்லை. உரியவர் இறந்து வாரிசுக்கு நிலம் மாறினால் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே இந்த மடையில் அடைப்பு நேர்ந்தால் நடக்க வேண்டிய இடம் வங்கி அன்று; கிராம நிர்வாக அலுவலரும் தாலுகா அலுவலகமுமே.

இரண்டாம் மடை ஆளினுடையது. பதிவு செய்தவர் இன்னும் இருக்கிறார், அவரே இவர் என்று ஆதார் மூலம் உறுதி செய்வது. மின்னணு முறையில் அடையாளம் சரிபார்த்தல் என்று இதற்குப் பெயர்; இ-கே.ஒய்.சி. என்று மையங்களில் சொல்வதும் இதுவே. கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கொண்டு செய்யலாம். கைப்பேசி எண் ஆதாரில் சேராதவர்கள் மையத்துக்குச் சென்று விரல் ரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமல் போவது நம் ஊர்களில் அடிக்கடி நிகழ்வது. அத்தகையோர் பொருட்டே 2023ஆம் ஆண்டு முகத்தைக் காட்டி உறுதி செய்யும் வசதி கைப்பேசிச் செயலியில் சேர்க்கப்பட்டது. இந்த மடைக்கு அருகில் ஒரு விரல், ஒரு முகம், ஒரு கைப்பேசி ஆகிய மூன்றையும் வரைந்தோம்; எழுத்து எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த இரு மடைகளும் திறந்தபின் மாநில அரசு பட்டியலில் கையொப்பமிடுகிறது. மத்திய அரசு பணத்தை விடுவிக்கிறது. பொது நிதி மேலாண்மை அமைப்பு என்னும் மத்திய அரசின் கணக்கு ஏற்பாட்டின் வழியே பணம் புறப்படுகிறது. இவற்றுக்குள் இன்னும் பல படிகள் உண்டு. அவற்றை நாம் வரையவில்லை. விவசாயி அங்கே சென்று செய்யத்தக்கது ஒன்றுமில்லை ஆதலின், ‘அரசு கையொப்பம்’ என்று ஒரே மதகாகக் காட்டி நிறுத்தினோம்.

கைகாட்டி மரத்தில்தான் நாம் அதிகம் நிற்க வேண்டும். புறப்பட்ட பணம் எந்த வங்கிக்குச் செல்வது? பெரும்பாலோர், ‘பதிவு செய்தபோது வங்கிப் புத்தகத்தைக் கொடுத்தேன், அந்தக் கணக்குக்கு வரும்’ என்று நினைக்கிறார்கள். அது சரியன்று. பணம் ஆதார் எண்ணைப் பார்த்து அனுப்பப்படுகிறது. இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்ன ஆதார் எண்ணுக்கு உரிய பணம் இன்ன வங்கிக்குப் போக வேண்டும் என்பதுதான் அப்பட்டியல். அதில் ஓர் ஆதார் எண்ணுக்கு நேரே ஒரே வங்கியின் பெயர்தான் இருக்கமுடியும். புதிதாக ஒரு வங்கி எழுதப்பட்டால் பழைய பெயர் அழிந்துவிடும். பட்டியலில் எந்த வங்கியும் இல்லையென்றால் பணம் போக வழியில்லை.

இதை அறியாததால் விளையும் துன்பம் கொஞ்சமன்று. ஒருவர் பல ஆண்டுகளாக ஓர் வங்கியில் தவணையைப் பெற்று வந்தார். வேறொரு காரியத்துக்காக வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கினார். அங்கே நீட்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்திட்டார். அத்தாள்களில் ஒன்று, அரசு உதவிகளை இனி இந்த வங்கியில் பெற இசைகிறேன் என்பது. கைகாட்டி திரும்பிவிட்டது. பழைய வங்கியில் மூன்று தவணையாகப் பணம் வரவில்லை என்று அவர் வேளாண்மை அலுவலகத்தைக் குறைகூறிக்கொண்டிருந்தார். பணமோ, அவர் மறந்தே போன புதுக் கணக்கில் பத்திரமாக இருந்தது. இன்னொருவரின் நிலை இதற்கு நேர் எதிர். வங்கிக் கணக்கில் ஆதார் சேர்த்தாயிற்று என்று கிளையில் உறுதியாகச் சொன்னார்கள், அதுவும் மெய்யே. ஆனால் வங்கி தன் ஏட்டில் ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்வது வேறு, கழகத்தின் கைகாட்டியில் தன் பெயரை எழுதுவிப்பது வேறு. பின்னதற்கு வாடிக்கையாளர் எழுத்து மூலம் இசைவு தரவேண்டும். ‘ஆதார் இணைத்தாயிற்றா?’ என்று கேட்பதை விட்டு, ‘அரசு உதவி வருவதற்குக் கைகாட்டியில் இந்த வங்கி இருக்கிறதா?’ என்று கேட்கும்படி மக்களைப் பழக்கினோம். கேள்வி மாறியதும் விடையும் மாறிற்று.

மூன்றாம் மடை வங்கிக் கணக்கு. பல நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கானால் கைகாட்டி சரியாக இருந்தும் பணம் திரும்பிவிடக்கூடும்.

திட்டத்தின் இணையதளத்தில் பயனாளி நிலையைப் பார்த்தால், நிலம் சேர்ந்ததா, அடையாளம் சரிபார்க்கப்பட்டதா, வங்கியோடு ஆதார் சேர்ந்ததா என்ற வரிகள் ஆம் அல்லது இல்லை என்று வருகின்றன. நமது படத்திலுள்ள மடைகளையும் கைகாட்டியையும் இதே வரிசையில் வைத்ததற்குக் காரணம் அதுவே. மையத்தில் அச்சிட்டுத் தரும் தாளையும் சுவர்ப் படத்தையும் அருகருகே வைத்தால், ‘இல்லை’ என்ற வரி எந்த மடையைக் குறிக்கிறது என்று ஊரில் படித்த பிள்ளை எவரும் சொல்லிவிடலாம்.

அம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதற்படத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வகை அம்பு போட்டிருந்தோம். வங்கியிலிருந்து ஆதார் பெட்டிக்கும் ஓர் அம்பு இருந்தது. அதைப் பார்த்து ஒருவர், “அப்ப நம்ம பணத்துல ஆதார் ஆபீசுக்கும் பங்கு போகுதா?” என்று கேட்டார். அம்பு கேட்டது ஒரு தகவல். அவர் கண்டது பணம். இப்போது பணம் செல்லும் வழியை நீல நிறத்தில் தடித்த கோடாகவும், தகவல் செல்லும் வழியைப் புள்ளிக் கோடாகவும் போடுகிறோம். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு வினைச்சொல் எழுதுகிறோம்: ‘கேட்கிறது’, ‘சரிபார்க்கிறது’, ‘அனுப்புகிறது’. வினைச்சொல் எழுத வராத அம்பு ஒன்று இருந்தால், அந்த இடம் வரைந்தவருக்கே விளங்கவில்லை என்று கொள்ளலாம். நமக்கு அவ்வாறு இரண்டு இடங்கள் இருந்தன. வேளாண்மைத் துறையினரைக் கேட்டுத் தெளிந்த பிறகே கோடு போட்டோம்.

சக அலுவலர்கள் சிலருக்கு நம்மோடு கருத்து வேறுபாடு உண்டான இடம் ஒன்றுண்டு. கோயில் நிலத்தையோ பிறர் நிலத்தையோ குத்தகைக்கு உழுகிறவருக்கு இத்திட்டத்தில் உதவி இல்லை. ஆவணத்தில் நிலம் உள்ளவருக்கே உண்டு. வருமான வரி செலுத்துவோர், கீழ்நிலைப் பணியாளர் நீங்கலான அரசு ஊழியர் முதலானோருக்கும் இல்லை. இதைப் படத்தில் காட்டலாமா? காட்டினால் கூட்டத்தில் வீண் பேச்சு எழும் என்றார்கள். நாம் காட்டவே செய்தோம். முதல் மடைக்கு வெளியே, கையில் ஏரோடு ஒருவரை நிறுத்தி, ‘குத்தகைதாரருக்கு இவ்வழி இல்லை’ என்று எழுதினோம். பேச்சு எழத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக மையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடந்துகொண்டிருந்த குத்தகைதாரர் ஒருவர், அன்றுதான் தமக்கு ஏன் வரவில்லை என்று அறிந்தார். அவ்விதி நியாயமா என்பது கிராம சபையில் பேசவேண்டிய விஷயம், பேசட்டும். விதி இன்னதென்று தெரியாமல் எப்படிப் பேசுவது?

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய மற்றொன்று, சாவி. ஒவ்வொரு மடையையும் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் படத்தில் காட்டாவிட்டால் அப்படம் பாதிப் படமே. 2020ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் நேர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வட மாவட்டங்கள் உட்படப் பல இடங்களில், நிலமே இல்லாதவர்களும் தகுதியற்றவர்களும் இலட்சக்கணக்கில் இத்திட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அலுவலர்களுக்கு அளித்திருந்த கடவுச்சொற்கள் பிறர் கைக்குப் போய்த் தவறாகப் பயன்பட்டதே காரணம். சுமார் 110 கோடி ரூபாய் தகுதியற்றோர்க்குச் சென்றதாக அரசு அறிவித்தது, சி.பி.சி.ஐ.டி. போலீஸார் விசாரித்தனர், பலர் கைது செய்யப்பட்டனர், பணத்தைத் திரும்பப் பெறும் வேலையும் நடந்தது. இடைத்தரகரை நம்பிப் பெயரைக் கொடுத்த ஏழைகள் பலர், பின்னர் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது. தம் பெயர் எந்த மடை வழியாக உள்ளே போனது என்பதே அவர்களுக்குத் தெரியாது. கண்மாய் மடையின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று ஊரார் அறிந்திருப்பது எவ்வளவு அவசியமோ, இதுவும் அவ்வளவு அவசியம். ஆகவே ஒவ்வொரு மடையின் பக்கத்திலும் ஒரு சாவி வரைந்து, அதைத் திறக்கும் பதவியின் பெயரை எழுதுகிறோம். பதவியின் பெயர் போதும். ஆளின் பெயர் வேண்டாம். ஆள் மாறுவார், சுவர் மாறாது.

மாதிரிக்கென்று எவருடைய ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சுவரில் எழுதிவிடக் கூடாது. பன்னிரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டாலே போதும்.

படம் சரியாக அமைந்ததா என்று அறிய நாம் கையாளும் வழி எளிது. கூட்டத்தில் ‘புரிந்ததா?’ என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்காக எல்லாரும் புரிந்தது என்றே சொல்வர். அதற்குப் பதிலாக, வந்திருப்போரில் ஒருவரை அழைத்து, அருகில் இருப்பவருக்கு அப்படத்தைச் சொல்லிக் காட்டச் சொல்கிறோம். நாம் வாய் திறப்பதில்லை. அவர் தடுமாறும் இடமே படம் பழுதான இடம். ஒருமுறை மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மாள் சாக்கட்டியை வாங்கிக்கொண்டு, நாம் வரைந்ததை அப்படியே விட்டுவிட்டு, வலக்கோடியிலிருந்து சொல்லத் தொடங்கினார். “புத்தகத்துல வரவு இல்ல. அப்ப கணக்கு உயிரோட இருக்கான்னு பாரு. இருக்கா? அப்ப கைகாட்டிய பாரு. சரியா இருக்கா? அப்ப மேல போ” என்று மடை மடையாக மேல்நோக்கிப் போனார். பதிவிலிருந்து பணம் வரையில் என்று நாம் இட்ட வரிசை, திட்டத்தை அமைத்தவர்களின் வரிசை. பணம் வராத வீட்டுக்காரிக்கு அந்த வரிசை தேவையில்லை. கடைமடைக்காரர் மண்வெட்டியோடு மேல்நோக்கி நடப்பதை இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுதிய நமக்கு, அது வரைபடத்துக்கும் பொருந்தும் என்பது அந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. அதன்பின் மடைகளுக்கு எண் இடும்போது வலப்புறத்திலிருந்தே 1, 2, 3 என்று இடுகிறோம்.

சுவரில் எழுதுவோருக்குச் சில குறிப்புகள். பஞ்சாயத்து அலுவலகத்தின் வெளிச்சுவர் உகந்தது. அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்திலும் படிக்கலாம். ரேஷன் கடை வரிசையில் நிற்போரின் கண்ணில் படும் சுவர் கிடைத்தால் இன்னும் நல்லது. எழுத்தின் உயரம் நான்கு விரற்கடைக்குக் குறையலாகாது. ஒரு சுவரில் ஒரு திட்டம் மட்டுமே இருக்கவேண்டும். வீடு கட்டும் திட்டத்துக்கும், பட்டா மாறுதலுக்கும், முதியோர் உதவித்தொகைக்கும் பாதை வேறு, மடை வேறு, சாவி வேறு. அவற்றுக்குத் தனிப் படங்கள் வரையவேண்டும். எல்லாவற்றிலும் கைகாட்டி ஒரே விதமாகவும், குதிர் ஒரே விதமாகவும் இருந்தால் ஒரு படத்தைக் கற்றவர் மற்றதையும் வாசித்துவிடுவார்.

படத்தின் அடியில் வரைந்த தேதியையும் பி.எம். கிசான் உதவி எண் 155261-ஐயும் எழுதுக. தேதி முக்கியம். விதிகள் மாறுகின்றன. 2025ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் அளிக்கும் பதிவு தொடங்கியபோது, முதல் மடையின் அருகில் நாம் ஒரு புதிய கட்டம் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு சுவரில் அதைச் சேர்க்க மறந்துவிட்டோம். அந்தப் பழைய படத்தைப் பார்த்து ஒருவர், தமக்கு எண் வேண்டியதில்லை என்று வாதாடினார். சுவரில் இருந்த தேதியைக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். மறுநாள் அச்சுவருக்கு வெள்ளையடித்தோம்.